வாதிடலாம், ஆனால் கீழ்ப்படிய வேண்டும்: ஜொகூரில் பகுத்தறிவும் மதமும்

மலாக்காவில் வில்லியம் மில்ன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஓர் இளைஞரிடம் மலாய் கற்றுக்கொண்டிருந்தார். ஒருநாள் பேச்சு பேய்களின் பக்கம் திரும்பியது. மலாய் மக்கள் அஞ்சும் பேய்கள் எவை, அவை எப்படி இருக்கும் என்று பாதிரியார் கேட்டார். ஆசிரியர் வரிசையாகச் சொன்னார். பிள்ளைப்பேற்றின் இரத்தத்தைத் தேடி, தலையும் தொங்கும் குடலுமாகப் பறந்துவரும் பெனாங்காலான்; சூனியக்காரர்கள் வளர்த்து ஏவிவிடும் போலோங். சொன்னதோடு விடாமல் படமும் வரைந்து காட்டினார். இவையெல்லாம் முன்னோரிடமிருந்து கைமாறி வந்த வெறும் மூடநம்பிக்கைகள் என்றும் சேர்த்துச் சொன்னார்.

அந்த ஆசிரியர்தான் பின்னாளில் நவீன மலாய் இலக்கியத்தின் தொடக்கப்புள்ளி என்று கொண்டாடப்பட்ட முன்ஷி அப்துல்லா. 1796இல் மலாக்காவில் பிறந்தவர். குடும்பக் கதையை அவரே தன் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். ஏமன் நாட்டு அரபு மார்க்க ஆசிரியர் ஒருவர் நாகூருக்கு வந்து அங்கேயே மணம் முடித்தார். அவருடைய மகன்களில் ஒருவரான முகமது இப்ராகிம் மலாக்காவுக்கு வந்து செய்கு மீரா லெப்பையின் மகள் பெரியாச்சியை மணந்தார். அவர்களுடைய மகன் வழிப் பேரன் அப்துல்லா. அவரைத் தகப்பனார் இரண்டரை ஆண்டு தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினார். அன்றைய மலாக்காவில் வணிகமும் கணக்கும் தமிழில் நடந்ததால், வசதியுள்ளவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தார்கள். குர்ஆனும் தமிழ்க் கணக்கும் மலாய் எழுத்துமாக வளர்ந்த இந்தப் பையன், 1811இல் ஜாவாப் படையெடுப்புக்கு முன்பு மலாக்காவில் தங்கியிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸின் அலுவலகத்தில் நகலெழுத்தராகச் சேர்ந்தபோது பதினைந்து வயதுகூட நிரம்பியிருக்காது.

ஐரோப்பிய அறிவொளிக் காலத்தின் சிந்தனை மலாய் மாநிலமான ஜொகூருக்கு எப்படி வந்தது என்று கேட்டால், தமிழர்கள் தொட வேண்டிய முதல் இழை இந்தக் குடும்பம்தான். இரண்டாவது இழை ஒரு நூற்றாண்டு கழித்து, நாகூருக்குப் பக்கத்துத் துறைமுகமான நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தது. முதலாவது மதத்துக்குள் நின்று பகுத்தறிவு பேசியது. இரண்டாவது மதத்தை எதிர்த்துப் பேசியது. ஒரே வெளிச்சம் ஏன் இரண்டு விதமாக விழுந்தது? இரண்டும் எந்த இடத்தில் தடுத்து நிறுத்தப்பட்டன? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், அறிவொளிக் காலம் என்பது ஒற்றைக் குரலில் பேசியதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1762 மார்ச்சில் துலூஸ் நகரில் ழான் கலாஸ் என்ற புராட்டஸ்டண்டு வணிகர், கத்தோலிக்கராக மாற விரும்பிய மகனைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு, சக்கரத்தில் கட்டி எலும்பு முறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். மதவெறி ஒரு நீதிமன்றத்தையே ஆட்டிவைத்ததைக் கண்டு வால்டேர் கொதித்தார். சகிப்புத்தன்மை பற்றிய அவருடைய நூல் 1763இல் வந்தது. 1765இல் கலாஸ் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டது. வால்டேர் கடவுளை மறுத்தவரல்லர். அவருக்கு எதிரி திருச்சபை. ஹோல்பாக் போன்றவர்கள் கடவுளையே மறுத்தார்கள். ஜெர்மனியில் காண்ட் மூன்றாவது வழியில் போனார்: பகுத்தறிவுக்கு எல்லை வகுத்து, அந்த எல்லைக்கு அப்பால் நம்பிக்கைக்கு ஓர் இடம் விட்டார். ஸ்காட்லாந்தில் சந்தை, சட்டம், சமூக வளர்ச்சி ஆகியவை பற்றிய விசாரணை முன்னுக்கு வந்தது.

வால்டேருக்கும் தமிழ்க் கரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. இங்கே அதைச் சொல்லாமல் போக மனமில்லை. புதுச்சேரிப் பக்கமிருந்து 1760இல் அவர் கைக்கு ஒரு பிரெஞ்சுக் கையெழுத்துப் பிரதி வந்தது. பெயர் எசூர்வேதம். சிலை வழிபாட்டை மறுத்து ஏக இறைவனைப் போற்றும் தொன்மையான இந்திய வேதம் என்று அதை அவர் நம்பினார். பைபிளுக்கு முன்பே, திருச்சபையின் உதவியின்றியே, மனித அறிவு ஏக இறைவனைக் கண்டடைந்துவிட்டது என்பதற்குச் சான்றாக அதை எடுத்தாண்டார். 1761இல் பாரிஸ் அரச நூலகத்தில் சேர்ப்பித்தார். அதன் மூலக்கதையைத் துலக்கியவர், திராவிட மொழிக் குடும்பக் கருத்தை 1816இல் முன்வைத்த சென்னை அதிகாரி எஃப். டபிள்யூ. எல்லிஸ். அவர் புதுச்சேரியில் அந்தக் கையெழுத்துப் படிகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை, அவர் இறந்த பிறகு 1822இல் வெளிவந்தது. எசூர்வேதம் பழைய வேதமே அல்ல; இந்துக்களைக் கிறிஸ்தவத்தின் பக்கம் திருப்புவதற்காக யேசு சபைப் பாதிரிகள் வட்டாரத்தில் உருவாக்கப்பட்ட நூல். பாதிரிகளை எதிர்க்கப் பாதிரிகளின் நூலையே வால்டேர் சான்றாகக் காட்டியிருக்கிறார். பகுத்தறிவாளரும் தனக்கு வேண்டியதைச் சான்றில் கண்டுவிடக்கூடும். எல்லிஸைப் போல ஏட்டைப் புரட்டிச் சரிபார்க்கிறவர் ஒருவர் எப்போதும் தேவைப்படுகிறார்.

மலாய்க் கரைக்கு வந்து சேர்ந்தது வால்டேரின் குரலல்ல. ஸ்காட்லாந்துக் குரல்தான். மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயுவை ஆங்கிலத்தில் பெயர்த்த ஜான் லெய்டனும் சிங்கப்பூரின் இரண்டாவது ரெசிடென்ட் ஜான் கிராஃபர்டும் எடின்பரோவில் படித்தவர்கள். ராஃபிள்ஸுக்கு லெய்டன் நெருங்கிய நண்பர். 1824 ஆகஸ்டில் ஜொகூர் சுல்தான் உசேனிடமிருந்தும் தெமெங்கோங் என்ற உயர் பதவியிலிருந்த அப்துல் ரகுமானிடமிருந்தும் சிங்கப்பூர் முழுவதையும் கம்பெனிக்கு எழுதி வாங்கியவர் கிராஃபர்ட். இன்னொரு பக்கம் மில்ன், மெட்ஹர்ஸ்ட், தாம்சன் ஆகிய லண்டன் மிஷன் பாதிரிகள் அச்சு இயந்திரத்தோடும் பள்ளிக்கூடத்தோடும் வந்தார்கள். பாரிசில் பகுத்தறிவின் எதிரியாகக் கருதப்பட்ட பாதிரி, மலாக்காவில் அதன் வாகனமாக இருந்தார். அப்துல்லாவுக்கு வாய்த்த அறிவொளி இந்தக் கலவைதான்.

அவர் அதை என்ன செய்தார் என்பதுதான் சுவையானது. பைபிளின் மலாய் மொழிபெயர்ப்பில் ஆண்டுக்கணக்காக உழைத்தார். அக்கம்பக்கத்து முஸ்லிம்கள் அவரை அப்துல்லா பாத்ரி என்று கேலி செய்தார்கள். ஆனால் அவர் கடைசிவரை மதம் மாறவில்லை. 1854இல் ஹஜ் பயணம் புறப்பட்டுப் போன இடத்தில் காலமானார். தன் நம்பிக்கையை அவர் பகுத்தறிவின் முன் நிறுத்தி விசாரிக்கவே இல்லை. அந்த நம்பிக்கையை அளவுகோலாக வைத்து அரசர்களை விசாரித்தார். 1838இல் சிங்கப்பூரிலிருந்து கிளந்தானுக்குப் படகில் போனவர் வழியில் பகாங்கையும் திரங்கானுவையும் பார்த்து எழுதிய பயண நூலில் இது தெளிவாகத் தெரிகிறது. பகாங் மண் வளமானது. மக்கள் ஏன் ஏழைகளாக இருக்கிறார்கள் என்று கேட்கிறார். உழைத்துச் சேர்த்தால் அரசனோ அவன் உறவினர்களோ பிடுங்கிக்கொள்வார்கள், பிறகு எதற்கு உழைப்பது என்ற அச்சமே காரணம் என்று விடை காண்கிறார். உடைமைக்குப் பாதுகாப்பில்லாத இடத்தில் முயற்சி வளராது என்பது எடின்பரோ வகுப்பறைகளில் பேசப்பட்ட கருத்து. அப்துல்லா அதைப் புத்தகத்தில் படித்ததாகத் தெரியவில்லை. ஆற்றங்கரையில் சும்மா உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து அதே முடிவுக்கு வந்தார். கூடவே, குடிகளை வதைக்கும் அரசன் இறைவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்ற எச்சரிக்கையையும் சேர்த்துக்கொண்டார். ஸ்காட்லாந்துக்காரர்களிடம் இல்லாத வலு இது.

1840களில் எழுதி முடித்து 1849இல் கல்லச்சில் வெளியான தன் வரலாற்றில் நீராவிக் கப்பல், வெள்ளித்தகட்டில் ஊரையே பதித்துக் காட்டும் புகைப்படக் கருவி என்று புதியதைக் கண்ட வியப்பை மறைக்காமல் எழுதினார். அதே நூலில் ஜொகூர் அரச குடும்பத்தைப் பற்றி வரும் ஒரு நிகழ்ச்சி நமக்கு முக்கியம். சுல்தானையும் தெமெங்கோங்கையும் வணிகத்தில் இறங்கும்படி ராஃபிள்ஸ் யோசனை சொல்கிறார். வணிகம் செய்வது ராஜாக்களின் வழக்கமல்ல, மற்ற ராஜாக்கள் சிரிப்பார்கள் என்று இருவரும் மறுத்துவிடுகிறார்கள். பிள்ளைகளை வங்காளத்துக்குப் படிக்க அனுப்பும் யோசனையும் அப்படியே போகிறது. வழக்கம் என்ற ஒரே பதிலைக் கேட்டு அப்துல்லாவுக்கு வந்த ஆற்றாமை அந்தப் பக்கங்களில் தெரிகிறது.

ஆனால் தாத்தா மறுத்ததைப் பேரன் ஏற்றார். தெமெங்கோங் அப்துல் ரகுமானின் பேரன் அபு பக்கர், சிங்கப்பூரில் பெஞ்சமின் கீஸ்பெரி நடத்திய மலாய்ப் பள்ளியில் படித்தார். கீஸ்பெரி பாதிரியார், அப்துல்லாவிடம் மலாய் கற்றவர், அப்துல்லாவின் தன் வரலாறு அச்சேறியதும் அவருடைய அச்சகத்தில்தான். அப்துல்லாவின் மகன் முகமது இப்ராகிம் முன்ஷியும் அந்தப் பள்ளி வழி வந்தவர். நாகூர் வம்சத்தில் மலாக்காவுக்கு முதலில் வந்த மூதாதையின் பெயரே அவருக்கும் வைக்கப்பட்டிருந்தது. அபு பக்கர் 1862இல் ஆட்சிக்கு வந்த பிறகு இப்ராகிம் ஜொகூர் அரசுப் பணியில் சேர்ந்து, பின்னர் டத்தோ பெந்தாரா டாலாம் என்ற உயர் பதவிவரை உயர்ந்தார். 1871, 1872 ஆண்டுகளில் மூவார் முதலிய பகுதிகளுக்கு அரசு அலுவலாகப் போய்வந்து, தந்தையைப் போலவே பயண நூல் எழுதினார். தந்தையின் நூலில் வெளியே நின்று அரசைக் குறை கூறும் குரல் கேட்கும். மகனின் நூலில் அரசின் உள்ளேயிருந்து ஊரைக் கணக்கெடுக்கும் குரல் கேட்கும். விசாரணை நிர்வாகமாக மாறிவிட்ட கட்டம் அது.

பாதிரியிடம் படித்த அரசர் தம் மதத்தை விடாமல் நவீன ஆட்சி நடத்தியதற்குத் தமிழ்நாட்டில் முன்னுதாரணம் இருக்கிறது. தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த சுவார்ட்ஸ் பாதிரியாரின் அரவணைப்பில் வளர்ந்த தஞ்சை சரபோஜி மன்னர், 1798இல் அரியணை ஏறிய பிறகு நூலகமும் அச்சகமும் மருத்துவச் சாலையும் நடத்தினார். சைவராகவே இருந்தார், காசிக்கும் போய்வந்தார். அபு பக்கரும் அப்படித்தான். ஐரோப்பியத் தலைநகரங்களில் சுற்றினார், இஸ்தான்புல்லில் உதுமானியச் சுல்தானைச் சந்தித்தார், ஜொகூர் பாருவில் நீரிணையைப் பார்த்தபடி பெரிய பள்ளிவாசலைக் கட்டத் தொடங்கினார். சரபோஜியிடம் கம்பெனி விட்டுவைத்திருந்தது கோட்டையை மட்டும்தான். அபு பக்கரிடம் ஒரு நாடு இருந்தது. வேறுபாடு அதில்தான்.

அந்த நாட்டைக் காப்பாற்றிக்கொள்ள அவர் கையிலெடுத்த கருவி எழுதப்பட்ட அரசியலமைப்பு. 1895 ஏப்ரல் 14 அன்று ஜொகூரின் அரசியலமைப்பு வெளியானது. மலாய் மாநிலங்களில் அதுவே முதலாவது. அரசனே நாட்டை அந்நியருக்கு ஒப்படைக்கக் கூடாது என்று அது அரசனைக் கட்டியது. அமைச்சரவையையும் அரசு மன்றத்தையும் நிறுவியது. ஆங்கிலேயர் மற்ற மாநிலங்களில் ரெசிடென்ட்டுகளை நுழைத்ததுபோல் இங்கும் நுழையாமல் தடுப்பது இதன் உடனடி நோக்கம் என்பதில் ஐயமில்லை. நோக்கம் தற்காப்பாக இருந்தாலும் விளைவு பெரிது: ஆட்சியாளரின் விருப்பத்துக்கு மேல் ஓர் எழுத்துச் சட்டம் வந்து உட்கார்ந்தது. பகாங் ஆற்றங்கரையில் அப்துல்லா கேட்ட கேள்விக்கு ஐம்பத்தேழு ஆண்டுகள் கழித்து ஜொகூரில் கிடைத்த பதிலாக இதைப் படிக்கலாம் என்று நினைக்கிறேன். இரண்டு மாதங்களுக்குள் அபு பக்கர் லண்டனில் காலமானார்.

அந்தச் சட்டத்தின் 57ஆம் பிரிவு மதத்தைப் பற்றியது. ஜொகூரின் மதம் இஸ்லாம், வேறெதையும் நாட்டின் மதமாகச் சொல்லக் கூடாது. ஆயினும் மற்ற மதங்களை அமைதியாகவும் இணக்கமாகவும் பின்பற்ற அனுமதி உண்டு என்பது அதன் சாரம். கேம்பியரும் மிளகும் பயிரிட வந்த சீனர்கள் மக்கள்தொகையில் பெரும்பங்காக இருந்த நாட்டில் நடைமுறை அறிவும் இதைத்தான் சொல்லியிருக்கும். ஆனாலும் 1689இல் சகிப்புத்தன்மை பற்றி எழுதிய ஜான் லாக்கோடு ஒப்பிட்டால் ஜொகூர்ச் சட்டம் ஒரு வகையில் தாராளமானது: லாக் கத்தோலிக்கரை நம்பவில்லை. இன்னொரு வகையில் இரண்டும் ஒன்றே. கடவுளை மறுப்பவர்களுக்குச் சகிப்பு கிடையாது என்று லாக் வெளிப்படையாகச் சொன்னார். ஜொகூர்ச் சட்டம் அவர்களைப் பற்றிப் பேசவே இல்லை. 1895இல் அது யாருக்கும் தோன்றியிருக்க வாய்ப்பில்லை. முப்பத்தைந்து ஆண்டுக்குள் தோன்றிற்று. காரணம் ரப்பர்.

ரப்பரோடு தமிழர்கள் வந்தார்கள். 1909இல் ஜொகூர் வழியே ரயில்பாதை நிறைவடைந்ததும் சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் என்று பாதையோரம் தோட்டங்கள் பெருகின. கங்காணி தன் ஊரிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் ஆள் சேர்த்துக்கொண்டு வந்தார். ஆளோடு சாதியும் கப்பலேறியது. பல தோட்டங்களில் ஆதிதிராவிடருக்குத் தனி லயம், அதாவது தனி வரிசைவீடு. தண்ணீர் பிடிப்பதில் பேதம். மாரியம்மன் கோவில் திருவிழாவில் யார் எங்கே நிற்பது என்ற கணக்கு. கோவிலுக்கு இடமும் பணமும் தோட்ட நிர்வாகமே கொடுத்தது. கோவில் இருந்தால் ஆள் ஓடமாட்டான் என்பது துரைகளுக்குத் தெரிந்திருந்தது. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடையும் இருந்தது. வாரம் முழுக்க மரம் சீவிய கூலியில் ஒரு பகுதி அங்கேயே திரும்பிப் போனது.

இந்த நேரத்தில் சட்டத்தில் நடந்த ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். 1914 ஒப்பந்தத்தின்படி ஜொகூர் சுல்தான் பிரிட்டிஷ் பொது ஆலோசகரின் ஆலோசனையைக் கேட்டு அதன்படி நடக்க வேண்டும். மலாய் மதமும் வழக்கமும் மட்டும் விலக்கு. 1874 பங்கோர் ஒப்பந்தத்திலிருந்து வரும் விதி அது. அபு பக்கரின் சட்டம் தடுக்க முயன்றது கடைசியில் வந்தே விட்டது. ஆனால் மதத்தைப் பொறுத்தவரை இதற்கு இன்னொரு விளைவும் உண்டு. இஸ்லாம் அரசரின் காவலுக்குள் வேலியிடப்பட்டது. தமிழர்களின் மதத்துக்கு அப்படியொரு காவலன் இல்லை. அதை யார் வேண்டுமானாலும் விமர்சிக்கலாம், கேலி செய்யலாம், சீர்திருத்தலாம். ஆங்கிலேயருக்கு அதில் அக்கறை கிடையாது, சுல்தானுக்கும் கிடையாது.

அந்த வெட்டவெளிக்குள்தான் சுயமரியாதை இயக்கம் வந்தது. 1925 முதல் பெரியார் நடத்திய குடி அரசு, மலாயாத் தமிழர் கையிலும் புழங்கியது. 1929 டிசம்பரில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய பெரியார் பினாங்கில் இறங்கி, 23, 24 தேதிகளில் ஈப்போவில் நடந்த அகில மலாயா தமிழர் மாநாட்டில் பேசினார், சிங்கப்பூர்வரை போனார். அவரை உள்ளே விடக்கூடாது என்று வைதிகர்கள் அரசிடம் முறையிட்டார்கள். அரசு விட்டது. 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கினார். 1924இலேயே ஜொகூர் பாலம் திறக்கப்பட்டிருந்ததால் சிங்கப்பூரில் காலையில் அச்சான தாள் ஜொகூருக்குள் நுழைய நேரமாகாது. புரோகிதர் இல்லாத திருமணம், தீமிதிக்கும் காவடிக்கும் எதிர்ப்பு, கலப்பு மணம், கள் ஒழிப்பு என்று பேச்சு லயங்களுக்குள் புகுந்தது.

இந்தப் பேச்சின் பரம்பரை நேரே ஐரோப்பாவுக்குப் போகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1878 முதல் பத்தாண்டு இயங்கிய சென்னை இலௌகிக சங்கம், லண்டனில் சார்லஸ் பிராட்லா நடத்திய நாத்திக இயக்கத்தோடு தொடர்பு வைத்திருந்தது. அதன் தத்துவ விவேசினி இதழ் 1882 முதல் 1888வரை பகுத்தறிவு வாதத்தைத் தமிழில் எழுதிப் பழகிவிட்டது. சுயமரியாதைக்காரர்கள் இங்கர்சாலையும் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலையும் தமிழாக்கினார்கள். பிரெஞ்சுக் கிராமப் பாதிரியார் ழான் மெஸ்லியேயின் மரண சாசனத்தையும் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். மெஸ்லியே 1729இல் சாகும்வரை பூசை செய்துகொண்டே, எல்லா மதமும் ஏய்ப்பு என்று இரகசியமாக எழுதி வைத்துவிட்டுப் போனவர். 1762இல் அவர் எழுத்தைச் சுருக்கி வெளியிட்ட வால்டேர், நாத்திகத்தை அடித்துவிட்டு அவரை இறைநம்பிக்கையாளராக்கிவிட்டார். பிறகு மெஸ்லியே பெயரில் உலகம் சுற்றிய நூல்களில் ஒன்று உண்மையில் ஹோல்பாக் 1772இல் எழுதியது.

அறிவொளிக் காலத்தை மிதவாதம், தீவிரவாதம் என்று இரண்டாகப் பிரிக்கும் வரலாற்றாசிரியர் ஜோனதன் இஸ்ரேல், அந்தப் பிரிவை ஸ்பினோசாவின் தத்துவத்திலிருந்து தொடங்குகிறார். இறையும் இயற்கையும் ஒன்று என ஏற்றவர்கள் தீவிரப் பக்கம் போனார்கள் என்பது அவர் வாதம். ஜொகூரின் அனுபவம் வேறு விதமாகச் சொல்கிறது. அப்துல்லாவும் சுயமரியாதைக்காரர்களும் வேறுவேறு பக்கம் போனதற்குக் காரணம் தத்துவமல்ல. தளை எங்கே கட்டப்பட்டிருந்தது என்பதே காரணம். அப்துல்லாவை அழுத்தியது அரசனின் எதேச்சதிகாரம். அதை எதிர்க்க மதம் அவருக்கு ஆயுதம் தந்தது. தோட்டத்துத் தமிழனை இழிவுபடுத்திய சாதி, மதத்தின் பெயராலேயே நியாயப்படுத்தப்பட்டது. ஆகவே மதத்தின் மேல் கைவைக்காமல் அதை அசைக்க வழியில்லை. பெரியாரே சாதி இழிவிலிருந்து தப்ப இஸ்லாத்துக்குப் போகலாம் என்று பலமுறை சொன்னவர். கடவுள் உண்டா என்ற கேள்வியைவிட, மானம் உண்டா என்ற கேள்வி அவருக்கு முந்தியது.

இதே காலத்தில் முஸ்லிம்களுக்குள் எழுந்த விசாரணையும் இந்தக் கருத்துக்கு வலு சேர்க்கிறது. பின்னாளில் இந்தோனேசியாவின் பெர்சாத்துவான் இஸ்லாம் அமைப்பின் தலைசிறந்த வாதியான ஏ. ஹசன், 1887இல் சிங்கப்பூரில் பிறந்தவர். அவருடைய தந்தை தமிழ்ப் பத்திரிகையாளர். நபிகளின் வழிவந்தவர்கள் என்று சையதுகளுக்குத் தரப்பட்ட தனி மரியாதையை ஹசன் குர்ஆனை வைத்தே கேள்வி கேட்டார். பிறப்பால் உயர்வில்லை என்று சொல்ல அவருக்கு வேதத்தை எரிக்க வேண்டியிருக்கவில்லை, பிரித்துப் படித்தாலே போதுமாக இருந்தது. ஆனால் அந்த விசாரணைக்கு வேலி கடினம். 1934 முதல் ஜொகூர் முப்தியாக இருந்த சையது அல்வி அல்-ஹத்தாத் இந்தப் புதிய போக்கைக் கடுமையாக எதிர்த்தார். அப்துல்லாவின் பயண நூலை நம் காலத்துக்குப் பதிப்பித்துத் தந்த காசிம் அகமது, 1986இல் ஹதீஸ்களை மறுமதிப்பீடு செய்து எழுதிய நூல் தடை செய்யப்பட்டது.

காண்ட் 1784இல் அறிவொளி என்றால் என்ன என்று எழுதிய கட்டுரையை இங்கே எடுத்துக்கொள்ள வேண்டும். மனிதன் பிறர் மேற்பார்வையை உதறித் தன் அறிவைத் தானே பயன்படுத்தத் துணிவதே அறிவொளி என்கிறார். அதே கட்டுரையில் பிரஷ்ய அரசர் பிரடெரிக்கைப் பாராட்டும் இடத்தில், எவ்வளவு வேண்டுமானாலும் வாதிடுங்கள், ஆனால் கீழ்ப்படியுங்கள் என்ற அரசரின் நிலையை ஏற்றும் பேசுகிறார். மேற்பார்வையை உதறுவதற்கு முதல் களமாக மதத்தை அவர் தேர்ந்தெடுத்தது தற்செயலல்ல. பிரடெரிக் மதவிஷயத்தில் தலையிடாத அரசர். வரியிலும் படையிலும் அப்படியில்லை. அடுத்து வந்த அரசர் 1794இல் காண்ட்டின் மதக் கருத்துகளைக் கண்டித்தபோது, அந்த மேதையும் வாய்மூடிக்கொள்ள ஒப்புக்கொண்டார். அரசர் இறந்த பிறகே மறுபடி எழுதினார்.

மலாயாவில் வந்து இறங்கிய பகுத்தறிவுக்கும் இந்த நிபந்தனை பொருந்தும். அப்துல்லா பேய்களையும் மலாய் அரசர்களையும் சாடினார். அவருக்குச் சம்பளம் கொடுத்த ஆங்கிலேயர் வட்டாரத்தை, கம்பெனியின் ஆட்சியை, அதே கண்ணால் பார்க்கவில்லை. கிராஃபர்ட் பொறுமையற்றவர், பணத்தாசை உள்ளவர் என்று குணத்தைக் குறை சொன்னதோடு சரி. பிற்கால மலாய் விமர்சகர்கள் சிலர் இதைச் சுட்டிக்காட்டி அவரை ஆங்கிலேயரின் ஆள் என்று ஒதுக்கியது அநியாயம். ஆனால் அவர்கள் கண்ட குறை உண்மை. நகரத்துச் சீர்திருத்தக்காரர்களும் கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்றார்கள். கடவுளையும் புரோகிதரையும் பற்றி மேடையில் என்ன வேண்டுமானாலும் பேச முடிந்தது. அந்தக் கோவிலைக் கட்டிக்கொடுத்த துரையைப் பற்றி, கூலிக்கும் கள்ளுக்கும் இடையிலான கணக்கைப் பற்றி, அவர்களின் குரல் பெரும்பாலும் மனு எழுதும் தொனிக்கு இறங்கிவிட்டது. வைதிகர்கள் எதிர்த்தும் பெரியாரை ஆங்கில அரசு உள்ளே விட்டதற்குக் காரணம் தாராள மனமல்ல என்றே நான் கருதுகிறேன். சாதியைப் பற்றிய வாக்குவாதத்தால் ரப்பர் விலை இறங்காது. காங்கிரஸ்காரர்களின் சுதந்திரப் பேச்சைவிட அது பாதுகாப்பானதாகவும் தெரிந்திருக்கும்.

இரண்டையும் சேர்த்துப் பேசிய கணமும் வந்தது. ஜப்பானியர் ஆட்சியில் சயாம் ரயில்பாதைக்கு ஜொகூர் உட்பட எல்லாப் பகுதித் தோட்டங்களிலிருந்தும் பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை. மிஞ்சியவர்கள் 1945க்குப் பிறகு பழைய பணிவோடு லயத்துக்குள் நுழையவில்லை. கடாவில் பீடோங் அருகே ஹார்வர்டு தோட்டத்தைத் தளமாகக் கொண்டு ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. சாதி பார்க்காதே, குடிக்காதே என்று தொடங்கிய படை அது. உடற்பயிற்சி, ஒழுங்கு, சீர்திருத்தம் என்றிருந்தவரை அதை யாரும் பெரிதாகத் தடுக்கவில்லை. 1947 தொடக்கத்தில் அவர்கள் கள்ளுக்கடை வாசலில் மறியலுக்கு நின்றார்கள். பக்கத்துத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. போலீஸ் வந்தது. தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள், பலர் சிறைக்குப் போனார்கள், படை கலைக்கப்பட்டது.

பெரியார் 1954இல் இரண்டாம் முறை மலாயாவுக்கு வந்தபோது திராவிடர் கழகக் கிளைகளின் வரவேற்பு இருந்தது, மேடை இருந்தது, தடையில்லாத பேச்சு இருந்தது. நாட்டில் அவசரகாலச் சட்டம் நடப்பில் இருந்தது. தோட்டப்புறத்தவர் பலர் முள்வேலிக்குள் குடியமர்த்தப்பட்டிருந்தார்கள். கடவுள் மறுப்பு அந்த வேலிக்குள்ளும் அனுமதிக்கப்பட்டிருந்தது. 1970 ஆகஸ்ட் 31 அன்று அறிவிக்கப்பட்ட மலேசியத் தேசியக் கோட்பாடுகளான ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடு இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். லாக் வெளியே நிறுத்தியவர்களுக்கு இங்கும் உள்ளே இடம் எழுதப்படவில்லை. அந்தக் கோட்பாட்டை ஏற்காததற்கென்று அதில் தண்டனையும் எழுதப்படவில்லை. மறியலில் நின்றவர்களுக்குத்தான் தண்டனை கிடைத்தது.